கண்ணாடியில் வைத்த சந்தனம்

அறுபதுகளில் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்போடு லோயர் கேம்ப் மின் நிலையத்தைப் பார்க்கப் போனேன். மலை மேலிருந்து தண்ணீர் பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி வந்தது. குழாய் மேல் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே ஓடுவது தண்ணீர்தான் என்று தெரிந்தும், படுத்திருக்கும் யானையின் விலாவில் கை வைத்ததுபோல் மயிர் சிலிர்த்தது. வெளியே வந்து பார்த்தால் அதே தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. எதையோ கொடுத்துவிட்டுப் போகிறது, ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. 

அங்கே பிறந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் பெரிய கோபுரங்கள், எங்கள் ஊருக்கு மேற்கே மலையடியில் இருந்த ஒரு குடியிருப்பின் தலைக்கு மேலாகச் சென்றன. முப்பது, நாற்பது வீடுகள் இருக்கும். எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். பெண்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். மழை நாளில் மேலே கம்பி ரீங்காரமிடும். கீழே மண்ணெண்ணெய் விளக்குதான். மதுரைக்குப் போகிற வெளிச்சம் நம் தலைக்கு மேலே போகிறதே என்று அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. படித்த நானும் கேட்டதில்லை.

அப்பா இறந்த பிறகு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே வந்துவிட்டேன். எண்பதுகளின் நடுவில், பல வருடங்களுக்குப் பின் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஊரில் பட்டம் வாங்கியவன் என்பதால் என்னைப் போட்டியில்லாமல் உறுப்பினராக்கினார்கள். குடியிருப்பிலிருந்து உறுப்பினராக வந்தவர் ஒரு பெண். அவரும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்தான். ஜீப்புக்காக இருட்டில் நின்ற இடத்தில் பாம்பு கடித்து அவருடைய கணவர் இறந்திருந்தார். ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்பதைத் தவிர அவர் பஞ்சாயத்தில் வேறு எதையும் கேட்டதில்லை. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்.

அரசாங்கம் அப்போது சோதனைக்காகச் சில கிராமங்களுக்குச் சூரிய விளக்கு கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் மூன்று தடவை மதுரைக்குப் போய் மனுக் கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டார். அதைப் பஞ்சாயத்து ஏற்க வேண்டும் என்று கூட்டம் போட்டபோது பெரிய விவாதமே நடந்தது.

“வெயில்ல எரியிற லைட்டு ராத்திரிக்கு எதுக்குய்யா ஆகும்?” என்றார் கமிஷன் கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர்.

“பகல்ல குடிச்சத ராத்திரி கக்குமாம்லண்ணே.”

“அப்ப அது நம்ம தலையாரி மாதிரின்னு சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற தலையாரியும் சிரித்தார். தலைவர் என்னைப் பார்த்தார். “இதெல்லாம் நெசமா? படிச்சவுக சொல்லுங்க.”

நிஜம் என்று சொன்னேன். ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், “நீங்க சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாகண்ணே,” என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

விளக்கு வந்தது. இரும்புக் கம்பம், அதன் உச்சியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகை, அதற்குக் கீழே ஒரு குழல் விளக்கு, அடியில் பேட்டரிப் பெட்டி. கண்ணாடிக்குள் கருநீல வில்லைகள் வட்டவட்டமாக அடுக்கியிருந்தன. ஓடுகிற, சுற்றுகிற, சத்தம் போடுகிற எதுவுமே அதில் இல்லை. முதல் நாள் சாயங்காலம் நானும் போய் நின்றேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, கோழிகள் அடைந்து, முகம் தெரியாமல் போகும் நேரத்தில், யாரும் தொடாமல், ஒரு சுவிட்சும் போடாமல் அது தானாக எரிந்தது. கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் தன் உள்ளங்கைகளை விரித்து அந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே நின்ற பெண்ணைப் பார்த்து, “ஏத்தா, ஒனக்குத் தலையெல்லாம் நரச்சுப்போச்சே,” என்றார். நான் படித்த இயற்பியல் முழுவதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உண்மையாயிற்று.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று பஸ், லாரி, தராசு, மோட்டார், சைக்கிள் எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் இருக்காது. என் கிணற்று ஆயில் இன்ஜினுக்கு நானும் வைப்பேன். குடியிருப்பில் அதுவரை அரிவாளும் மண்வெட்டியும்தான் இருந்தன. வைப்பதற்கு முதன்முதலாக அவர்களுக்கு ஒரு மிஷின் கிடைத்திருந்தது. ஏணி போட்டார்கள். விளக்கை வாங்கி வந்தவர் என்பதால் அந்தப் பெண்ணையே முதல் பொட்டு வைக்கச் சொன்னார்கள். அவர் தயங்கினார். தாலியறுத்தவர். “நீ வாங்கியாந்த லைட்டு, நீ வைக்காம யாரு வைப்பா? ஏறு ஆத்தா,” என்று கிழவர்தான் வற்புறுத்தினார். அவர் ஏறிக் கண்ணாடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பினார். பிறகு வீட்டுக்கு ஒரு பொட்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூட ஏறினார்கள். கடைசியில் நீலமே தெரியவில்லை. மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணாடி முழுதும் வீடுகள் இருந்தன.

அவர்கள் கூப்பிட்டு நானும் போயிருந்தேன். கண்ணாடியை மூடினால் மின்சாரம் வராது என்பது எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் அதைப் பார்த்த பிரமிப்பில் வாய் வரவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றும் நான் வருந்தவில்லை. மறுநாள் போய்த் துடைக்கச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மறுநாள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் குற்றம்.

சில நாட்களில் விளக்கு மங்கியது. முதலில் விடியும் முன்பு அணைந்தது. அடுத்து ஊரடங்கும் முன்பே அணைந்தது. கடைசியில் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு அவ்வளவுதான். ஜீப்புக்கு நின்ற பெண்கள் மறுபடி இருட்டில் நின்றார்கள். ஐப்பசி மழையும் அந்த வருடம் தள்ளிப்போனது. பேச்சு மெல்லக் கிளம்பியது. “மொதக் கை யாரு கை?” என்று யாரோ ஒருவர் கேட்டது போதுமானதாக இருந்தது. கோவில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டப் போன அந்தப் பெண்ணை அவருடைய கணவரின் அண்ணன் மகளே, “சின்னாத்தா, நீ செத்த தள்ளி நில்லு,” என்றாளாம். இதை என் தோட்டத்துக்குக் களையெடுக்க வந்தவர்கள் சொல்லித்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டு திராட்சைப் பந்தலைப் பார்த்தேன்.

அதே நேரத்தில் மின்வாரியத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. விளக்கில்லாத குடியிருப்புகளுக்குப் புதிதாகக் கம்பி இழுக்கிறார்கள். சூரிய விளக்கு இருந்தால் அது விளக்குள்ள இடம் என்று கணக்கு, கம்பி வராது. ரோட்டிலிருந்து குடியிருப்புக்குக் கம்பி இழுத்தால் என் தோட்டத்தின் வரப்பு வழியாகத்தான் வரவேண்டும். மோட்டார் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு நான் பல வருடங்களாகக் காத்திருந்தேன். கம்பம் வரப்பில் நின்றால் இணைப்பு நாளைக்கே கிடைக்கும். எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் பஞ்சாயத்தில் ஒருவர் நிலத்தைத் தொட்டு ஒரு வேலை போனால் அவர் அதைப் பற்றிப் பேசாமல் ஒதுங்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவரே முன்னால் நின்று பேச வேண்டும் என்றுதான் நினைத்தார்கள்.

கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து நின்று பேசினார். “அண்ணே தோட்டத்துக்குக் கரண்டு வேணும்னா தனியாக் கேளுங்க. எங்க லைட்ட எதுக்குப் புடுங்குறீக?”

“எரியாத லைட்ட வச்சு என்னத்தாம்மா செய்யப்போறீக? காக்கா உக்காரவா?” என்றார் கமிஷன் கடைக்காரர்.

“மதுரையில இருந்து ஆள் வரச்சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. நல்லாத்தான எரிஞ்சுச்சு.”

“எரிஞ்சுச்சு. யாரு கையி பட்டு அணஞ்சுச்சுன்னு ஒங்க ஆளுகளே சொல்றாக.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. அன்னைக்கி நீங்கதான சொன்னீக.”

நான் பொய் சொல்லவில்லை. “எவ்வளவு வெயில் கண்ணாடிக்குள்ள போகுதோ அவ்வளவுதான் அது எரியும்,” என்றேன். முழு உண்மை. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். “மலையடியில வெயிலு பத்தல, அம்புட்டுத்தான்,” என்று தலைவர் முடித்துவிட்டார். விளக்கைத் திருப்பிக் கொடுத்துக் கம்பி கேட்பது என்று தீர்மானம் ஆயிற்று. நானும் கையைத் தூக்கினேன். அவர் மட்டும் தூக்கவில்லை.

விளக்கை இறக்க ஒரு லாரியில் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். பஞ்சாயத்து சார்பில் நான் நின்றேன். மத்தியானமே வானம் கறுத்திருந்தது. கண்ணாடியை இறக்கி லாரி மேல் வைத்ததும் தள்ளிப்போன மழை வந்தது. ஓடிப்போய் ஜீப் நிற்கும் மரத்தடியில் ஒதுங்கினோம். அங்கிருந்து பார்த்தேன். காய்ந்து பொருக்காகியிருந்த சந்தனம் முதலில் ஊறியது. பிறகு வீடு வீடாகக் கரைந்து, மஞ்சளாக வழிந்து, லாரியின் பலகையிடுக்கில் சொட்டியது. உள்ளிருந்து அந்த நீலம் வெளியே வந்தது. அப்படியொரு நீலத்தை நான் அதற்குப் பின் எங்கும் பார்க்கவில்லை. மழைக்குள் ஒரு துண்டு வானம் திறந்து கிடந்ததுபோல் இருந்தது.

மெக்கானிக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். “யாருங்க இதுல சந்தனத்தப் பூசுனது?” என்றார். “இதத் தொடச்சாப் போதுமே சார். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மழை விட்டதும் மறுபடி மாட்டிரட்டுமா?”

மரத்தடியில் நாங்கள் இரண்டு பேர்தான். மழைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது.

“தீர்மானம் ஆயிருச்சு. கொண்டுபோயிருங்க,” என்றேன்.

என் வரப்பில் கம்பங்கள் நின்றன. மோட்டார் ஓடியது. பொத்தானை அழுத்தினதும் கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் தூணாக எழுந்து வந்தபோது, லோயர் கேம்ப் குழாயைத் தொட்டபோது வந்த அதே சிலிர்ப்பு வந்தது. அந்த ஆனந்தத்தை மறைக்க முடியாது. கம்பி என் தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. கம்பம் இல்லை, பணம் இல்லை, அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள்.

அந்தப் பெண் கூட்டங்களுக்கு வருவார், பேசமாட்டார். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் விடியுமுன்பு வரும். அதற்காகத் தோட்டத்துக்குப் போகும்போது, ஜீப்புக்கு நிற்கும் பெண்களின் பேச்சுக் கேட்கும். அவர் குரல் அதில் இருக்காது. டார்ச்சை அடித்தால், கூட்டத்தை விட்டு இரண்டு ஆள் தூரத்தில் தனியாக நிற்பார். அவர் கணவரைப் பாம்பு கடித்த இடம் அதுதான்.

அதைப் பல மாதங்கள் பார்த்த பிறகு, ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், தோட்டம், மெக்கானிக் கேட்டது, நான் சொன்ன பதில். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“அப்ப என் கையில ஒண்ணும் இல்லையாண்ணே?”

“இல்லம்மா. யார் வச்சாலும் அணஞ்சிருக்கும்.”

அவர் முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்கு மனசுக்குள்ள தெரியும். அங்கன வந்து சொல்லுங்க,” என்றார்.

மறுநாள் விடியுமுன்பு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். இருட்டில் முகங்கள் தெரியவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பேசியதுபோல் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை சொன்னேன். திட்டுவார்கள் என்று நின்றேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் நியாயம்தான்.

ஒரு வயதான குரல் கேட்டது. “அப்ப நம்ம லைட்டு நல்ல லைட்டுதானா?”

“ஆமா. நல்ல லைட்டு.”

“கெட்டுப்போகலையா?”

“கெட்டுப்போகல. தொடச்சிருந்தா எரிஞ்சிருக்கும்.”

“பாத்தியாடி,” என்றது அந்தக் குரல், பக்கத்தில் யாரிடமோ, ஆச்சரியம் தாங்காமல். “சூரியன் பாட்டுக்குக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கு.”

அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஜீப் வந்தது. அதன் வெளிச்சத்தில் எல்லோர் முகமும் ஒரு கணம் தெரிந்தது. ஏறத் தொடங்கியவர்களில் ஒருத்தி, தனியாக நின்றவரின் சோற்றுவாளியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “ஏறு சின்னாத்தா, நேரமாச்சு,” என்றாள். ஜீப் மலைப்பக்கம் திரும்பியது. நான் அங்கேயே நின்றேன், விடியும்வரை.