ஜெக்கரியாவின் பச்சை டேப்

ஜெக்கரியா போட்ட வயர் இணைப்பைக் குத்தாலத்தில் யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். மற்ற எலக்ட்ரீஷியன்கள் கறுப்பு டேப் சுற்றுவார்கள், அவர் பச்சை. கடைசிச் சுற்றில் ஒரு சின்ன வால் மடித்து விட்டிருப்பார், பிறகு பிரிப்பதற்கு. நாகப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு டைனமோ பார்த்த காலத்துப் பழக்கம் அது. கல்யாணத்துக்குப் பின் மனைவியின் ஊரான இங்கே வந்து, மாயவரம் ரோட்டில் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வேலை செய்யும்போது யார் பேசினாலும் காதில் வாங்க மாட்டார். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். அப்பா தங்கையன் பின்னாலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு வருடத்து டீசல் கார். மார்கழியில் ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. சார்ஜ் போட்டோம், ஐந்து நாளில் மறுபடி செத்தது. டிரைவர் தமிழரசன் புது பேட்டரி போடலாம் என்று அவனே கும்பகோணம் போய் வாங்கி வந்தான். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. புதுசை விற்றுவிட்டுப் பழசை மாட்டியிருக்கிறான் என்று அப்பா முடிவு கட்டினார்.

முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. சம்பா அறுவடைக்கு வந்த ஆட்கள் பார்க்க, வாசலில் வைத்துச் சாவியை வாங்கிக்கொண்டு, திருட்டுப் பயல் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். ஒன்பது வருடம் ஓட்டியவன். தங்கையன் வாயால் திருடன் என்று பெயர் வாங்கியவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் யார் வண்டி கொடுப்பார்கள்? தன் அறுவடை மெஷினை ஓட்ட அவனைக் கூப்பிட்டிருந்த வளவன்கூட மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜெக்கரியா முதலில் பேட்டரியின் நம்பரை வாரண்டி அட்டையோடு ஒப்பிட்டார். ஒன்றாக இருந்தது. "பேட்டரி மாறலைய்யா" என்று மட்டும் சொன்னார். அப்பா அட்டையை வாங்கித் தானும் பார்த்தார், மறுபடி பார்த்தார். அப்படியானால் லைட்டை அணைக்காமல் விட்டிருப்பான் என்றார்.

ஜெக்கரியா தன் பேட்டரியை இணைத்தார். வண்டி கிளம்பியது, டைனமோவும் ஒழுங்காகச் சார்ஜ் செய்தது. எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி நடுவில் டெஸ்ட் லாம்ப் கோத்தார். எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரியக்கூடாது. மங்கலாக எரிந்தது. எங்கேயோ கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி ஃப்யூஸ் வந்த பிறகும் லாம்ப் அணையவில்லை. ஃப்யூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் போகிறது என்று முணுமுணுத்தபடி, எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே விரலால் தேடினார்.

விரல் நின்றது. அழுக்குக்கு அடியில் பச்சை டேப், வால் மடித்தது.

அங்கிருந்து வயரைத் தொடர்ந்தார். வயர் டேஷ்போர்டுக்குள் போய், பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு பல்பில் முடிந்தது. மல்லிகைச் சரத்துக்குள் அது எரிவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சாமி இருட்டில் இருக்கக்கூடாது, வண்டியை அணைத்தாலும் எரிய வேண்டும் என்று அப்பாதான் ஆறு வருடம் முன்பு அவரிடம் சொல்லிப் போட வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு கட்டிங் பிளேயர் போதும். நறுக்கிப் பையில் போட்டிருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"இது நான் போட்ட வயருய்யா" என்றார் ஜெக்கரியா.

அப்பா புரியாமல் பார்த்தார். இத்தனூண்டு பல்பா என்று கேட்டார். அப்பா தன் கடைக்கு தினமும் போய்வந்த வரைக்கும் ஓட ஓடச் சார்ஜ் ஏறியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது, பல்பு மட்டும் ராப்பகலாக எரிகிறது. பேட்டரி சாக ஐந்து நாள் போதும் என்று ஜெக்கரியா விளக்கினார். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். தமிழரசனை வரச்சொல்லு என்றார் என்னிடம்.

ஜெக்கரியா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன் ஏன்யா வரணும்? ஊர் பாக்கத்தானே திருடன்னு சொன்னீங்க. நாமதான் போகணும்."

அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா எழுந்து காரில் ஏறினார். நானும் போனேன்.

வாய்க்கால் கரையில் தமிழரசன் வீடு. அவன் வெளியே வந்ததும் ஜெக்கரியா தன் தப்பை முதலில் சொன்னார். அவன் அவரைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னான்.

"போன ஆவணியில ரெண்டு தடவ கேட்டேங்கய்யா, வண்டி நிக்கிற நாள்ல அந்த பல்பக் கழட்டிடவான்னு. சாமி வெளக்க அணைக்கச் சொல்றியாடான்னீங்க. பாப்பாவும் இருந்துச்சு."

இருந்தேன். காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அந்த நிமிடம் வரை அது என் நினைவிலேயே இல்லை.

அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, பேட்டரி நீ வாங்கியதுதான், தப்பு என்னுடையது என்றார் அப்பா. சாவியை நீட்டினார். தமிழரசன் வாங்கவில்லை.

"வளவன்கிட்டயும் சொல்லிடுங்கய்யா."

ஜெக்கரியாவே வண்டியை வயலுக்கு விட்டார். வளவனே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா வரப்பில் நின்று சொன்னது வளவனுக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்து என்ன என்றார். அப்பா மெஷினை நிறுத்தச் சொல்லி, சத்தம் அடங்கக் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.