தாங்கியில் நின்ற கரண்ட்

பழைய ரேடியோவின் கண்ணாடி வால்வுகளில் வேலை செய்யும்போது என் இடது கை முதுகுக்குப் பின்னால், இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் செருகியிருக்கும். வலது கை மட்டுந்தான் உள்ளே போகும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் அடி ஒரு கையால் ஏறி, நெஞ்சுக்குள்ளால் மற்றக் கைக்குப் போகும். இதை எனக்கு ஒருவரும் படிப்பித்துத் தரவில்லை. பழைய ரேடியோக்கள்தான், என்னைச் சுவரோடு சாத்திச் சாத்திச் சொல்லித் தந்தன. மனைவி இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பொலிஸ் பிடிச்சிட்டுப் போற ஆள் மாதிரி ஈக்குது" என்பாள். சிரித்தாலும் கையை எடுக்கமாட்டேன்.

கிற்றாருக்குச் சத்தம் கூட்டுகிற அம்ப் ஒன்று கட்டித் தரச் சொன்னவன் கற்பிட்டிப் பக்கத்துக் கடற்றொழில்காரன். என்னைவிட இளையவன், கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவன். ஒருமுறை கடலில் இவன் படகு எஞ்சின் நின்று, அலைந்து, எப்படியோ கரை வந்து சேர்ந்தான். அந்த நேரம் தலவிலத் தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தானாம்: வருகிற திருவிழாவில் சனத்துக்கு நடுவில் இருந்து வாசிப்பதாக. வாசித்தால் கேட்கவேண்டுமே? கடையில் விற்கிற அம்ப் வாங்க வசதி இல்லை. அதனால்தான் தில்லையடியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

எல்லாமே செத்த சாமான்களிலிருந்து எடுத்தது. ட்ரான்ஸ்போமரும் வால்வுகளும் ஒரு கிழட்டு ரேடியோவின் வயிற்றிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் பூட்டிய அடித்தட்டு, மனைவியின் அலுமினியக் கேக் தட்டு. கவிழ்த்து ஓட்டை போட்டேன். பார்த்துக்கொண்டே நின்றவள், "இனி அதுல பாட்டுத்தான் வேகும்" என்றாள். அந்தச் சொல்லுக்காகவே வேலையை நன்றாகச் செய்யவேண்டும் என்று நினைத்தேன்.

வால்வு இரண்டும் சோர்ந்து போயிருந்தன. அவற்றைக் கழற்றிக்கொண்டு, மாற்று எடுத்துவர ஒரு நாள் காலையில் சிலாபத்துக்குப் போனேன். வேலை பாதியில் நின்றது. நிறுத்திய பிறகு உள்ளே தங்கும் கரண்டை வடித்துவிடுகிற ரெசிஸ்டர் இன்னும் பூட்டவில்லை. ஆகையால் வயரைச் சுற்றிக் கட்டி, அம்பை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனேன்.

திரும்பும்போது முந்தல் தாண்டியதும் போன் அடித்தது. இவன்தான். அண்ணன் முறைக்கு என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, உங்கட வீட்டதான் நிக்கிறன். அக்கா பிளேன்டீ போடுறா. உங்கட சாமான் செத்துப்போச்சு."

"எந்தச் சாமான்?"

"அம்ப்தான். இறக்கி, சுவிச்சப் போட்டுப் பாத்தன். உறுமிச்சு, ஒண்டும் எரியேல்ல. பிறகு ஊருக்கே கரண்ட் போயிட்டு. ஒரு வயர் கழண்டு கிடக்கு, மாட்டட்டா?"

வால்வு இல்லாத அம்ப் எப்படி எரியும்? எரியாது. ஆனால் உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற இரண்டு கண்டன்சரும் நிறைந்திருக்கும். குடிக்க வால்வு இல்லாமல் நிறைந்தது நிறைந்தபடி நிற்கும், முன்னூறு வோல்ட்டுக்கு மேல்.

"தொடாதே!" என்று கத்தினேன்.

பக்கத்துச் சீட்டில் இருந்த உடப்பு ஊர் மனிசி கருவாட்டுப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டா. "நான் ஒண்டையும் தொடேல்லத் தம்பி."

"உங்களுக்கில்ல அம்மா. டேய், கைய எடு. உள்ளுக்குக் கரண்ட் இருக்கு!"

"கரண்ட் எங்க நானா? றோட்டுக் கடையில கூட இல்ல. கடலுக்குள்ள இருந்தா வாறது?"

"ரெண்டு டப்பா நிக்குதே, அதுக்குள்ள."

"அதென்ன, தண்ணித் தாங்கியா?"

"ஓம்! தாங்கிதான்! குழாயில தண்ணி நிண்டாலும் தாங்கிக்குள்ள…"

அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தோடு லைன் அறுந்தது. கரண்ட் போனால் எங்கள் பக்கம் போன் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். மனைவியின் இலக்கத்துக்கு அடித்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். மறுபடி அடித்தேன். மறுபடியும் மூன்று மொழி.

பஸ் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஆள் ஏற்றியது. நான் எழும்பி நின்றேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். கொண்டக்டர் சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். எந்த மொழியில் சொல்வது? கரண்ட் இல்லாத ஊரில் ஒருவனுக்குக் கரண்ட் அடிக்கப் போகிறது என்று சொன்னால், என்னை இறக்கி விட்டுவிடுவார்.

உடப்பு மனிசி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினா. "இறங்கி ஓடினா பஸ்ஸ விடக் கெதியாப் போவியா? இரு." அவ சொன்னது சரிதான். அதனால்தான் தாங்க முடியவில்லை. சொக்ஸுக்குள் சுற்றிய இரண்டு மாற்று வால்வையும் மடியில் பொத்திக்கொண்டு, பாலாவி வரும்வரை அவனோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டே வந்தேன். தொடாதே. தொட்டாலும் ஒரு கையால் தொடு. மற்றக் கையை வேட்டியிலோ, காற்சட்டையிலோ, எங்கேயாவது செருகு.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். "நான் குசினியில ஈந்தேன். படார்னு ஒரு சத்தம். ஓடி வந்து பாத்தா கதிரையோட விழுந்து கெடக்காரு."

அவன் எழும்பிச் சுவரில் சாய்ந்திருந்தான். பிளேன்டீ அப்படியே ஆறியிருந்தது. வலது கையால் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வயரை மாட்டப் போயிருக்கிறான். இரண்டு கையும். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "தாங்கி நிறைஞ்சுதான் இருந்தது நானா."

ஆணியில் தொங்கும், தேங்கிய கரண்டை வடிக்கிற கம்பியை எடுத்து கண்டன்சரில் வைத்தேன். வழமையில் ஒரு பொறி பறக்கும். ஒன்றும் வரவில்லை. இருந்ததெல்லாம் அவனுக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குப் பிழையில்லை என்றார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் வெந்து வெள்ளையாக இருந்தன, உணர்ச்சி இல்லை. திரும்ப வருமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார் டொக்டர். அதற்குப் பிறகு அவன் மனைவி என்னிடம் கேட்கும்போதெல்லாம் நானும் அதையேதான் சொன்னேன். ஒரு கண்டன்சரைப் பற்றிக் கேட்டால் விடியும்வரை கதைப்பேன். அந்த இரண்டு விரலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

வடிக்கிற ரெசிஸ்டரைப் பூட்டி, மூடியை ஸ்குரூ ஆணி வைத்து முறுக்கி அம்பை முடித்தேன். இந்த வருடம் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நேர்த்தி வச்சது விரல் இல்ல நானா, நான்" என்றான்.

தலவிலவில் திருவிழாவுக்கு வாடி போட்டுத் தங்கியிருந்த சனத்துக்கு நடுவில், பாடகர் குழுவுக்குப் பக்கத்தில், அம்புக்கு அருகே நான் நின்றேன். வால்வு சூடேறியதும் வாசிக்கத் தொடங்கினான். சத்தம் தேனாக வந்தது. ஆனால் கம்பி அந்த இரண்டு விரலில் படுவது அவனுக்குத் தெரியவில்லை, அதனால் அழுத்தினான், இன்னும் அழுத்தினான். இரண்டாவது பாட்டில் புதுத் தோல் வெடித்தது. கிற்றாரின் கழுத்து வழியே ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அவனுக்கு அது தெரியாது, கண்ணை மூடியிருந்தான். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். என் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

பாட்டு முடிந்ததும் விரலைப் பார்த்தான். சேர்ட்டில் துடைத்தான்.

"சத்தம் எப்பிடி நானா?"

"நல்லம்" என்றேன்.

அடுத்த பாட்டைத் தொடங்கினான்.