சித்தியோடு கைதான நாள்

போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு ஏழு வயது. இப்போது வேலை பார்க்கிற இடத்தில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அப்படி என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சித்தி, அம்மாவின் தங்கை. படப்பையில் எங்கள் வீட்டில் தங்கி, ஒரகடம் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். செல்போனுக்குள் வைக்கிற ஏதோ சின்னப் பாகம் அங்கே செய்தார்கள். கம்பெனி வந்தபோது அரசாங்கம் நிலம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, வரி கூட வேண்டாம் என்றது. சலுகை முடிகிற நேரம் பார்த்து, வேறொரு நாட்டில் கூலி இன்னும் மலிவு என்று கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. மெஷின்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வேலை பார்த்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மெஷின் ஏற்றிய லாரி வெளியே போகக்கூடாது என்று தொழிலாளர்கள் ரோட்டை மறித்து உட்கார முடிவு செய்தார்கள்.

சித்திக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு காஞ்சிபுரம் பக்கம். போராட்டம் கீராட்டம் என்று பெண்ணின் பேர் போலீசில் ஏறினால் நன்றாக இருக்காது என்று அவர்கள் போனில் பக்குவமாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதையே பக்குவமில்லாமல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி காதில் வாங்கவில்லை. மறியல் அன்று காலையில் அம்மா திடீரென்று இறங்கி வந்தாள்.

“போறதுன்னா போ. எனக்கு இன்னிக்கு ஓ.டி. கீது, அவரும் வண்டி எடுத்துகினு வெளியூர் பூட்டாரு. பாப்பாவ உன்னோடவே இட்டுகினு போ” என்றாள்.

அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஓவர்டைம் என்றால் அதற்குமேல் பேச்சில்லை. சித்தி அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள்.

ரோட்டில் நல்ல வெயில். பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கோஷம் போட்டு முடித்த பிறகு நான் தனியாக ஒரு முறை போடுவேன். அதற்குக் கைதட்டல் கிடைத்தது. இன்னும் உற்சாகமாகக் கத்தினேன். போலீஸ் மைக்கில் கலைந்து போகச் சொன்னது, யாரும் போகவில்லை. ஆண்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போனார்கள். ஒருவருடைய சட்டை கிழிந்து தொங்கியது. எங்களிடம் யாரும் கை வைக்கவில்லை. சித்தி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தானாகவே வேனில் ஏறினாள். ஒரு பெண் போலீஸ் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தாள்.

எங்கள் ஊர் வழக்கம், மறியலில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. மண்டபத்தைப் பார்த்ததும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன். மேடையில் முந்தின கல்யாணத்து நாற்காலிகள் இரண்டு சிவப்பாக இருந்தன. ஒன்றில் நான் ஏறி உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்துக்கொள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் சித்தியை இன்னொன்றில் தள்ளி உட்காரவைத்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே அவளும் உட்கார்ந்தாள். போலீஸ் வாங்கிக் கொடுத்த சாம்பார் சாதம் சூடாக இருந்தது. மாப்பிள்ளை எப்போது வருவார் என்று நான் கேட்டதற்கு, பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் கூடச் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் ஒரு பெரிய அதிகாரி வந்தார். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர் மேல் மட்டும் கேஸ், அவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்றார். சிரிப்பெல்லாம் நின்றுபோனது. அவர்களை விடாமல் நாங்கள் போகமாட்டோம் என்று ஒரு பெண் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜெயிலுக்குப் போகவேண்டியதுதான் என்றார் அதிகாரி. அதைக் கேட்டுச் சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி எழுந்திருக்கவில்லை.

பெண் இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்து குனிந்தார். “சின்னப் பொண்ண கூட வச்சிகினு நீ இன்னாத்துக்கும்மா குந்திகினு கீற? உன்மேல ஒண்ணும் போடல. எழுந்து வூட்டுக்குப் போ” என்றார்.

எனக்கு அதற்குள் போரடித்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். சித்தி கூட இருந்த பெண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்தாள். எனக்குச் சந்தோஷம்.

வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கேன்டீன் யூனிஃபார்ம் இல்லை, காலையில் கட்டியிருந்த அதே வீட்டுப் புடவை. எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது. சித்தி அந்தப் புடவையை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“இந்தாக்கா, உன் பொண்ண புடி. நீ எதுக்கு அனுப்சியோ, அத அவ ஒழுங்கா செஞ்சிட்டா” என்றாள். என் கையை அம்மா கையில் வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் நிற்கவில்லை.

ஓ.டி. எல்லாம் இல்லை. கூடவே குழந்தை இருந்தால் சித்தி முன்னால் போய் நிற்கமாட்டாள், போலீசும் உள்ளே வைக்காது என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரிதான். மனசு கேட்காமல் மண்டபத்து வாசலுக்கு வந்தாளே, அதில்தான் தப்பிப்போனது. அவள் வராமல் இருந்திருந்தால் என்னை விட்டுப் போக இடமில்லாமல் சித்தி படப்பைக்கு வந்துதான் ஆகியிருக்க வேண்டும்.

சித்தி இரண்டு வாரம் ஜெயிலில் இருந்தாள். அந்த நாட்களிலேயே லாரிகள் போய்விட்டன. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருமுறை போன் வந்தது, பிறகு வரவில்லை. சித்தி திரும்பி வந்த அன்று அம்மா அவளை உட்காரவைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீர் ஊற்றினாள். ஊற்றும்போதே அழுதாள்.

மண்டபத்து வாசல் வரைக்கும் வந்த சித்தியைப் போலீஸ் மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. யாரும் இழுக்காமல் ஒருத்தி தானாகவே திரும்பி அங்கே போவாள் என்பது, கண்ணால் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.