பதினொரு ஒன்றுகளும் கொன்ஸ்ரன்ரைனின் கையெழுத்தும்

கொட்டாஞ்சேனை முழுக்கத் தேடினாலும் கொன்ஸ்ரன்ரைனைப் போலத் தலைக்கனம் பிடித்த மனுசன் கிடைக்காது. கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். நடையைப் பார்த்தாலோ கவர்னர் தோற்றுப்போவார். 1928இல் அவருக்கு ஒரு விசர் பிடித்தது. பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதி, அது முதன்மை எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் பிரிபடாத எண் என்று நிரூபித்து, பேப்பரில் பெயர் வரப்பண்ண வேண்டுமாம். அதற்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரைக்கும் உள்ள முதன்மை எண் ஒவ்வொன்றாலும் பிரித்துப் பார்க்கவேண்டும். பத்தாயிரம் பிரித்தல்!

பிரித்தது யார் என்கிறீர்கள்? கலியாணமாகாத தங்கச்சி றோஸி. பின்னேரம் சாய்மனைக் கதிரையில் கிடந்து தேத்தண்ணீரை உறிஞ்சியபடி, அவள் கொப்பியில் ஒவ்வொரு மீதிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையால் கையெழுத்து வைப்பார் இவர். கந்தோரில் பெரிய துரை அப்படித்தான் வைப்பாராம்.

மூன்றாம் வருஷம் 21649ஆல் பிரித்தபோது மீதியே வரவில்லை. றோஸி திரும்பவும் போட்டுப் பார்த்தாள். பூச்சியம்தான்.

“அண்ணே, இது பிரிபடுது.”

“விசர்க்கதை கதையாதை. உனக்கு எங்கையடி பிரிக்கத் தெரியும்?”

தானே ஒருதரம் போட்டுப் பார்த்தாரா? எங்கே! பூச்சியத்தை வெட்டி, 1 என்று எழுதி, கையெழுத்தையும் வைத்தார். இந்த மனுசனுக்குக் கணக்கே தெரியாது என்று அன்றைக்குத்தான் றோஸிக்கு விளங்கியது.

அதே கிழமை, கணக்குப் படிப்பிக்க றோஸியைக் கேட்டு கொன்வென்ற் பள்ளிக்கூடத்து மதர் ஆள் அனுப்பியிருந்தார். அவளுக்கு உயிரே அதில்தான். “பிரிக்கத் தெரியாதவள் படிப்பிக்கிறதோ? என்ரை மானம் போகும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணன். றோஸி கொப்பியைத் திறந்து அடுத்த எண்ணை எழுதினாள்.

ஒன்பதாம் வருஷம் பேப்பரில் பெயர் வந்தது. ஐயோ, அந்தக் கிழமை அவர் தெருவில் நடந்த நடை! நாலாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து சத்தியநாராயணன் என்ற கணக்கு மாஸ்டரின் கடிதம் வந்தது. இந்த எண்ணைப் பிரிக்கக்கூடிய முதன்மை எண் எதையும் இருபத்திரண்டால் பிரித்தால் மீதி ஒன்றுதான் வரும். மற்றதுகளைத் தொட்டதே வீண்வேலை. 21649ஆல் பிரித்துப் பாரும், 513239 தரம் சரியாகப் போகும் என்று எழுதியிருந்தார். பேப்பருக்கும் ஒரு பிரதி போயிருந்தது.

“எடியே, என்னை நாறடிச்சுப்போட்டாய்!” என்று குதித்தார் கொன்ஸ்ரன்ரைன்.

றோஸி மூன்றாம் வருஷக் கொப்பியை விரித்து அவர் மடியில் வைத்தாள். வெட்டிய பூச்சியம் அப்படியே இருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

அவர் மிச்சக் கொப்பிகளைப் பார்த்தார். “அப்ப, அதுக்குப் பிறகு போட்ட ஏழாயிரத்துச் சொச்சமும்?”

“அதொண்டும் நான் பிரிக்கேல்லை அண்ணே. மனசிலை வந்த மீதியை எழுதினனான். நீங்கள் எல்லாத்துக்கும் கையெழுத்து வைச்சியள்.”

படிப்பிக்கிற வேலை இன்னும் இருக்கிறதா என்று மதரைக் கேட்டுப் பார்ப்பதற்காக அவள் குடையை எடுத்துக்கொண்டு கொன்வென்றுக்கு நடந்தாள்.