காணி உறுதிகளை நான் பாதுகாத்த விதம்

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை செய்தேன். வீட்டிலிருந்தே அதைத் தொடரலாம் என்றானதும் புத்தளத்துக்குத் திரும்பினேன். வந்த கையோடு ஊருக்கு உதவுவதென்று தீர்மானித்தேன். ஊர் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு சிறிய நலன்புரிச் சங்கம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த முஸ்லிம் குடும்பங்களின் காணி உறுதிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் மாம்புரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். குடும்பத்துக்கு ஒரு கோப்புறை என்று கணினியில் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். அந்த ஒழுங்கில் என் பங்கு எதுவும் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே நான் கட்டளைத் திரையைத் திறந்தேன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. பார்ப்பவர்களுக்குத் தானாக மரியாதை வரும். ‘டார்’ என்றொரு கட்டளை உண்டு. பல கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும், வேண்டும்போது அவிழ்க்கும். இணையத்திலிருந்து இறக்கும் நிரல் நூலகங்களைக் கொழும்பில் அப்படித்தான் அவிழ்ப்போம். கட்டுவதற்கு ‘சீ’ என்ற எழுத்து, அவிழ்ப்பதற்கு ‘எக்ஸ்’. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

“கட்டினாப் பிறகு பழசையும் வச்சிருப்பம் நானா. இடம் இருக்குத்தானே” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அந்தப் பெண்.

நான் சிரித்தேன். தொழில்நுட்பம் அறியாதவர்கள் இப்படிப் பயப்படுவது இயல்புதான் என்று பத்து நிமிடம் விளக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, பழையவற்றை அழித்தேன். வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் எடுத்து வைப்பதாகத்தான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எத்தாளையிலிருந்து ஒரு மாமி வந்தார். போன மாரி மழையில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, அவருடைய மன்னார்க் காணியின் உறுதியில் மை முழுவதும் கரைந்துவிட்டது. எங்களிடமிருந்த பிரதி வேண்டும்.

“தம்பி ஒரு செக்கன்ல எடுத்துத் தருவார், பாருங்க” என்றார் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அவர். பார்ப்பதற்கென்று தன் கதிரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொதியிலிருந்து மாமியின் கோப்பை மட்டும் அவிழ்க்கக் கட்டளை அடித்தேன், திரையைப் பார்க்காமலே. அப்படியொரு கோப்பு இல்லை என்று பதில் வந்தது.

“பேரப் பிழையா வச்சிரிக்காங்க மாமி” என்றேன், மாம்புரிப் பெண்ணுக்குக் கேட்கும்படியாக. திரும்ப அடித்தேன். அதே பதில். மூன்றாம் முறைதான் நான் அடித்திருந்ததைத் திரையில் பார்த்தேன். எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் சீ இருந்தது. அவிழ்க்கச் சொல்லாமல், அதே பெயரில் புதிதாக ஒரு பொதி கட்டச் சொல்லியிருக்கிறேன். கட்டளையும் பணிவாக முழுப் பொதியையும் வெறுமையாக்கிவிட்டு, உள்ளே வைக்க எதுவும் இல்லையே என்றுதான் அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு சமூகத்தின் பத்திரங்கள் பத்து கிலோபைட் வெற்றுப் பொதியில் அடங்கியிருந்தன.

பின்னர் கையேட்டில் படித்தேன். கோப்பின் பெயர் எதையுமே கொடுக்காமல் விட்டிருந்தால், ‘வெற்றுப் பொதி கட்டக் கோழைத்தனமாக மறுக்கிறேன்’ என்று கட்டளை நின்றிருக்குமாம். நான் கவனமாகப் பெயர் கொடுத்தேன்.

மாம்புரிப் பெண் ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன். அவர் மாமியின் பக்கம் திரும்பினார்.

“இந்த உறுதிய ஆராவது ஃபோன்ல படம் எடுத்து வச்சிருக்கினமா மாமி?”

“மகள்ட ஃபோன்ல ஒண்டு இரிக்கி புள்ள. ஆனா மங்கல்.”

படம் வந்தது. மங்கல்தான். ஆனாலும் உறுதியின் இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தன.

“இலக்கம் இருந்தாக் காணும், வேற ஒண்டும் தேவையில்ல. காணிப் பதிவகத்தில பிரதி தருவினம்” என்றார் அவர். மாமியும் மகளும் மன்னாருக்குப் போனார்கள். அங்கே ஓர் எழுதுவினைஞர் தடித்த புத்தகமொன்றைப் புரட்டி, அன்றைக்கே பிரதி எழுதிக் கொடுத்தாராம். எந்தக் கட்டளையும் அடிக்கவில்லை.

அதன்பின் நானும் அந்தப் பெண்ணும் எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்ய, ஸ்கேனரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பெரும்பாலான வீடுகளில் தேநீர் தந்து, பத்திரப் பையையும் எடுத்துத் தந்தார்கள். இரண்டு வீடுகளில் தருவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றில் கறையான் அரித்துவிட்டது. மற்றதில் ஒரு வயதானவர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

“ஊர உட்டு வரக்கொள்ள உடுப்புக்கூட எடுக்கல்ல மகன். இந்தத் தாளத்தான் எடுத்த. ஒங்கட கொம்பியூட்டர்ல பத்திரமா இரிக்கும் எண்டு இவங்க சொன்னாங்க. அதுக்குப் பொறகு நான் அதக் கவனிக்கல்ல.”

அவர் கோபப்படவில்லை. விளக்கம் கொடுப்பதை விட்டு, அவருடைய பெயரையும் காணி இருந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அது எனக்குப் புதிய அனுபவம். அவருடைய உறுதி இலக்கத்தைத் தேடி மன்னார்ப் பதிவகத்துக்கு நான் நான்கு தரம் போய்விட்டேன். இன்னும் கிடைக்கவில்லை.

சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசித்தார். பத்திரங்கள் அனைத்தும் ‘மீளாய்வு செய்யப்பட்டு, உயர்ந்த தரத்தில் புதிதாகப் பதிவேற்றப்பட்டன’ என்றிருந்தது. அந்தப் பெரும் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்று என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். நானும் குனிந்து கொடுத்தேன். மாம்புரிப் பெண் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினார், ஒரு தட்டும் குறையாமல்.