பெரியப்பாவின் சராசரி

நேற்று திருத்தங்கலில் வங்கிக்காரர், என் பெரிய டெபாசிட்டுக்கும் சின்ன டெபாசிட்டுக்கும் சேர்த்து வட்டி சொல்கையில், "எட்டும் ஆறும், சராசரி ஏழு" என்றதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்பா பட்டாசு விபத்தில் இறந்ததற்கு வந்த ஒரு லட்சத்தைப் பெரியப்பாதான் வட்டிக்கு விட்டார். தொண்ணூறாயிரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு, பத்தாயிரம் ஆறு சதவீதத்துக்கு. வருடக் கடைசியில், வாய் நிறைய வெற்றிலையோடு வந்து அம்மாவிடம் ஒன்பதாயிரத்தை நீட்டினார்.

"பன்னெண்டுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒம்பது, சரியாப்போச்சு."

அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் சொன்னேன், "பெரிய தொகைக்குத்தான பெரிய வட்டி, பெரியப்பா? பதினோராயிரத்து நானூறு வரணும்."

"பொட்டப்பிள்ளைக்கு எம்புட்டு வாய்" என்று அறைந்தார். கையில் பட்டாசுக் கருமருந்து நெடி.

அம்மா என்னைத் தேற்றவில்லை. "அசலைக் கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, அத்தான்" என்றாள்.

மறுநாள் கொண்டுவந்து வைத்தார். பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் சாவுக்கு அம்மா போகவில்லை. நானும் போகவில்லை.