அகலமான முனை

மின்னலையைக் கொண்டுபோகும், ஒரே அகலமுள்ள டிரான்ஸ்மிஷன் லைனுக்கு வேண்டிய சூத்திரம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. போகப்போகக் குறுகும் லைனுக்கு அப்படியில்லை. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். என் ஆய்வு அதுதான். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன், ஒன்று பிரசவத்துக்காக. இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வுக் குழுவின் முன் நடக்கும் செமினாரில் அனுமதி கிடைத்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

செமினார் அன்று காலை, கரமனை வீட்டில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்தேன். பார்த்தது போதும் என்று எனக்கு எப்போதுமே தோன்றுவதில்லை. நான்காம் அத்தியாயத்துக்கான ஸ்லைடில் லேபில் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. பச்சை சர்க்யூட் பலகை, அதில் குறுகிக்கொண்டே போகும் செம்புப் பட்டை, அகலமான முனையில் மாட்டிய அளவுக் கருவி. என் கணக்கு குறுகிய முனையிலிருந்து தொடங்கியிருந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் இந்தத் தவறு தெரியவில்லை. போகிற வழியில் அலை தேயும் இழப்பே இல்லாத லைனில் எந்த முனையிலிருந்து பார்த்தாலும் திரும்பி வரும் அலையின் அளவு ஒன்றுதான். இழப்பைச் சேர்த்தால் அப்படியில்லை. நான்காம் அத்தியாயத்தில் இழப்பைச் சேர்த்தபோது கணக்கில் வந்த கோடு லேபில் எடுத்த அளவுகளோடு ஒட்டவில்லை. பலகையில் இழப்பு அதிகம் போலிருக்கிறது என்று கணக்கில் இழப்பின் எண்ணைக் கூட்டினேன். ஒட்டிக்கொண்டது. இழப்பு ஏன் அதிகம் என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

என் கணவர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டார்.

"டாலி ஆறதோல்லியோ? பின்னே என்ன?"

"நானா ஒரு நம்பரக் கூட்டித்தான் டாலி ஆச்சு."

"அதுக்கு எங்க ஆபீஸ்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு பேரு. கணக்கு ஒட்டாத தொகைய அதுல போட்டு வெப்போம். வருஷக் கடைசில தொறந்து பாத்துத்தான் ஆகணும், கேட்டியா?"

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு முனையை மாற்றி, எண்ணைப் பழையபடி வைத்து, புரோகிராமை ஓட்டினேன். புதிய கோடு அளவுப் புள்ளிகளின் மேலேயே போனது. எனக்குப் பயம் கூடியது. இதற்கு முன்பும் ஒட்டத்தானே செய்தது?

ஆய்வு வழிகாட்டியைக் காலேஜ் வராந்தாவில் பிடித்தேன். நாகர்கோவில்காரர். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மத்தியானம் செமினாரு. இப்பவா சொல்லுக?"

"இப்பதான் சார் தெரிஞ்சுது."

"அந்த ரெண்டு பக்கமும் நல்லா இருந்துதுல்லா," என்றார். பிறகு, "எடுத்துரு. எடுத்தேன்னு அங்க சொல்லவும் செய்யி."

சொன்னேன். குழுவுக்கு முன்பே அனுப்பியிருந்த பிரதியில் நான்காம் அத்தியாயம் தவறு என்றும், எந்த முனையிலிருந்து அளந்தேன் என்றும். குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்த நிபுணர் மைக்கை நெருக்கிப் பிடிக்கச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை தவறு இன்னும் பெரிதாகத் தோன்றியது.

நிபுணர் அந்தப் பிரதியைப் புரட்டினார். இழப்பைப் பற்றிய விளக்கத்தைத் தான் நம்பிவிட்டதாக மலையாளத்தில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அத்தியாயத்தைத் திருத்தி வழிகாட்டியிடம் காட்டினால் போதும், சமர்ப்பிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

வெளியே வந்து கணவருக்கு போன் செய்தேன். அனுமதி கிடைத்தது என்றேன், கிடைத்தது போலத்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.